வெலிங்டனில் பயிலும் அயல்நாட்டு அதிகாரிகள்: நாடாளுமன்றத்துக்கு ஆண்டறிக்கை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நட்பு நாடுகளின் படை அதிகாரிகளுக்கு இந்தியா அளித்துவரும் பயிற்சியைப் பற்றி நம் நாளிதழ்களில் செய்தி வருவது பெரும்பாலும் இரண்டே சந்தர்ப்பங்களில்தான். பயிற்சி நிறைவு விழா நடக்கும்போது, இன்னின்ன நாடுகளைச் சேர்ந்த இத்தனை பேர் தேர்ச்சி பெற்றனர் என்று படத்துடன் ஒரு செய்தி வரும். இலங்கைப் படையினர் பயிற்சிக்கு வந்திருப்பது தெரியவந்து எதிர்ப்பு எழும்போது, அது சில நாட்களுக்கு முதல் பக்கத்தில் இடம்பெறும். மற்ற நாட்களில், யார் வருகிறார்கள், அவர்களைத் தேர்ந்தெடுப்பது யார், இங்கே என்ன கற்கிறார்கள், திரும்பிச் சென்ற பின் அந்தக் கல்வியை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற கேள்விகள் எழுவதே இல்லை. குன்னூரில் வசிப்பவன் என்ற முறையிலும் வரலாற்று ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும் இந்த மௌனம் எனக்குக் கவலையளிக்கிறது. இத்தகைய பயிற்சிகள் அனைத்தையும் பற்றி, நாடு வாரியாகவும் பயிற்சி வாரியாகவும், மத்திய அரசு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கை வைக்க வேண்டும் என்று கோரவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் 'ஸ்டாஃப் காலேஜ்' என்று அழைக்கப்படும், குன்னூரை அடுத்த வெலிங்டன் ராணுவப் பயிற்சிக் கல்லூரியின் பெயரை, 2021 டிசம்பர் 8 அன்று நடந்த ஹெலிகாப்டர் விபத்துக்குப் பிறகு தமிழகத்தில் அறியாதவர் குறைவு. முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத் அந்தக் கல்லூரியில் உரையாற்ற வந்த வழியில்தான் உயிரிழந்தார். 1905-இல் மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் தொடங்கப்பட்டு, பிறகு குவெட்டாவுக்கு மாற்றப்பட்ட பிரிட்டிஷ் இந்திய ராணுவக் கல்லூரி, தேசப் பிரிவினையின்போது இரண்டாகப் பிரிந்தது. குவெட்டாவில் இருந்த பகுதி பாகிஸ்தானிடம் போக, இந்தியாவின் பங்கு நீலகிரிக்கு வந்தது. இன்று மேஜர் தரத்திலும் அதற்கு இணையான கடற்படை, விமானப்படைத் தரங்களிலும் உள்ள நானூறுக்கும் மேற்பட்ட அதிகாரிகள் ஆண்டுதோறும் ஜூன் முதல் ஏப்ரல் வரை இங்கே படிக்கிறார்கள். ஆசியா, ஆப்பிரிக்கா மட்டுமல்லாமல் மேலை நாடுகளிலிருந்தும் வரும் அதிகாரிகள் அவர்களோடு சேர்ந்து பயில்கிறார்கள்.

இந்தக் கல்லூரியின் கற்பித்தல் முறையைப் புரிந்துகொண்டால்தான் நான் சொல்ல வருவது விளங்கும். மாணவர்களைச் சுமார் பத்துப் பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிப்பார்கள். அதற்குப் பெயர் சிண்டிகேட். ஒவ்வொரு சிண்டிகேட்டுக்கும் டி.எஸ். எனப்படும் ஒரு பயிற்றுநர் பொறுப்பு. ஒரு கற்பனைப் போர்ச்சூழலைக் கொடுத்து, ஆட்களையும் தளவாடங்களையும் நேரத்தையும் வைத்துக்கொண்டு எப்படி முடிவெடுப்பீர்கள் என்று கேட்பார்கள். ஒவ்வொருவரும் தம் தீர்வை மேசைமீது வைத்து, மற்றவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரே மேசையைச் சுற்றி இந்தியத் தரைப்படை அதிகாரி, கடற்படை அதிகாரி, விமானப்படை அதிகாரி, அயல்நாட்டு அதிகாரி என்று அமர்ந்து மாதக்கணக்கில் வாதிடுகிறார்கள். குடும்பத்தோடு வந்து தங்குவோரும் உண்டு. மழைக்காலம் தொடங்கும்போது வந்து சேரும் அவர்களுடைய பிள்ளைகள், பனிக்காலம் முடிவதற்குள் குன்னூர் மார்க்கெட்டில் 'அண்ணா, எவ்வளவு?' என்று தமிழில் விலை கேட்கும் அளவுக்கு ஊரோடு ஒன்றிவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். இப்படி ஏற்படும் நெருக்கத்தைத் தூதரக விருந்துகளால் ஏற்படுத்திவிட முடியாது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நாட்டின் தளபதி, இன்னொரு நாட்டின் தளபதியைப் பெயர் சொல்லி அழைத்து நெருக்கடியான நேரத்தில் பேச முடிகிறது என்றால், அதன் தொடக்கம் பல சமயம் இப்படிப்பட்ட ஒரு வகுப்பறையில் இருக்கும். ஆகவே அயல்நாட்டு அதிகாரிகளுக்கான பயிற்சியையே நிறுத்திவிட வேண்டும் என்பவர்களின் அணியில் நான் இல்லை என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன்.

அதே நேரத்தில், பயிற்சி தானாகவே நல்ல விளைவைத் தந்துவிடும் என்ற நம்பிக்கையையும் வரலாறு ஆதரிக்கவில்லை. இதற்கு நைஜீரியாவைக் காட்டிலும் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அந்நாடு சுதந்திரம் பெற்ற சில ஆண்டுகளில், 1964-இல் கடூனாவில் ராணுவ அகாதெமி தொடங்கப்பட்டபோது அதை உருவாக்க உதவியவர்கள் இந்திய அதிகாரிகள். அதன் முதல் தலைவரே இந்தியரான பிரிகேடியர் எம்.ஆர். வர்மா. அதற்கு முந்தைய ஆண்டு டேராடூன் ராணுவ அகாதெமியில் பயின்றவர் இப்ராஹிம் பாபங்கிடா. 1965-இல் வெலிங்டனில் பயின்றவர் ஒலுசெகுன் ஒபசாஞ்சோ. 1973-இல் அதே வெலிங்டனில் பயின்றவர் முகமது புகாரி. மூவருமே பிற்காலத்தில் நைஜீரியாவின் ஆட்சித் தலைவர்கள் ஆனார்கள். அவர்கள் நடந்துகொண்ட விதம்தான் கவனிக்கத்தக்கது.

ராணுவ ஆட்சியின் தலைவராக இருந்த ஒபசாஞ்சோ, தேர்தல் நடத்தி, 1979 அக்டோபர் 1 அன்று வென்றவரான ஷேஹு ஷகாரியிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு விலகினார். அதிகாரத்தைக் கைப்பற்றியவர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த அந்நாளைய ஆப்பிரிக்காவில் அது அரிதான செயல். நான்கே ஆண்டுகளில், 1983-இன் கடைசி நாளில், அதே ஷகாரியைக் கவிழ்த்த ராணுவப் புரட்சியின் முடிவில் ஆட்சியில் அமர்ந்தவர் புகாரி. அவருடைய அரசு 1984-இல் பிறப்பித்த ஆணை எண் 4, அரசு அதிகாரிகளுக்குச் சங்கடம் விளைவிக்கும் செய்திகளை வெளியிடுவதைக் குற்றமாக்கியது. அதன்படி இரண்டு பத்திரிகையாளர்கள் சிறைக்கு அனுப்பப்பட்டனர். 1985 ஆகஸ்டில் புகாரியைக் கவிழ்த்தவர் டேராடூனில் பயின்ற பாபங்கிடா. முப்பது ஆண்டுகள் கழித்து 2015-இல் புகாரி மக்கள் வாக்கைப் பெற்று, பதவியிலிருந்த அதிபரைத் தோற்கடித்து ஆட்சிக்கு வந்தார். இரண்டு பதவிக்காலங்கள் முடிந்ததும் 2023-இல் முறைப்படி விலகினார். அரசியல் சட்டத்துக்கு ராணுவம் கட்டுப்பட்டு நடக்கும் நாடு என்ற பெருமை இந்தியாவுக்கு உண்டு. அந்தப் பண்பை வெலிங்டனில் கண்டும் கேட்டும் சென்ற இருவரில், ஒருவர் ஆட்சியை மக்கள் பிரதிநிதியிடம் ஒப்படைத்தார். மற்றவர் அந்த மக்கள் பிரதிநிதி அகற்றப்பட்டபின் அவருடைய நாற்காலியில் அமர்ந்தார். கல்லூரியை இதற்குப் பொறுப்பாக்குவது நியாயமாகாது. ஆனால் நம்மிடம் பயின்றவர்கள் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று திரும்பிப் பார்த்து, கற்பிக்கும் முறையில் எதை மாற்றலாம் என்று யோசிக்க வேண்டிய பொறுப்பு பயிற்றுவித்த நாட்டுக்கு இல்லையா?

அமெரிக்கா இந்தப் பொறுப்பை மிகவும் தாமதமாகவும், மிகுந்த அவமானத்துக்குப் பிறகும்தான் ஏற்றது. லத்தீன் அமெரிக்க நாடுகளின் படையினருக்காக 1946-இல் பனாமாவில் தொடங்கி, 1984-இல் ஜார்ஜியா மாநிலத்துக்கு மாற்றப்பட்ட 'ஸ்கூல் ஆஃப் தி அமெரிக்காஸ்' என்ற பள்ளியில் பயின்றவர்களின் பட்டியலில் பனாமாவின் சர்வாதிகாரி நோரியேகா, அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சியாளர் கால்டியேரி, எல் சால்வடோரில் கொலைக்குழுக்களோடு தொடர்புபடுத்தப்பட்ட தாபுய்சோன் ஆகியோர் இருந்தார்கள். 1989 நவம்பரில் எல் சால்வடோரின் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆறு யேசுசபைப் பாதிரியார்களும், அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்த பெண்ணும், அவருடைய இளம் மகளும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்தக் கொலையில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் பலர் அங்கே பயிற்சி பெற்றவர்கள். சித்திரவதையை அனுமதிக்கும் வாசகங்கள் கொண்ட பயிற்சிக் கையேடுகள் அந்தப் பள்ளியில் பயன்பட்டதை 1996-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனே வெளியிட வேண்டியதாயிற்று. 2001-இல் அந்தப் பள்ளிக்குப் புதுப் பெயரும் மனித உரிமைப் பாடங்களும் வந்தன. பெயர் மாற்றத்தைவிட முக்கியமானவை வேறு இரண்டு. கடுமையான மனித உரிமை மீறலில் ஈடுபட்டதாக நம்பத்தகுந்த தகவல் உள்ள படைப்பிரிவுக்கு உதவி வழங்கக் கூடாது என்று 1997 முதல் நடைமுறைக்கு வந்த லேஹி சட்டம் ஒன்று. எந்த நாட்டிலிருந்து எத்தனை பேருக்கு, என்ன பயிற்சி, எவ்வளவு செலவில் அளிக்கப்பட்டது என்று அரசு ஆண்டுதோறும் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு அறிக்கை தர வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் மற்றொன்று. லேஹி சட்டத்தை எல்லா நாடுகளிடமும் ஒரே கண்டிப்போடு அமெரிக்கா பயன்படுத்தவில்லை என்பது உண்மைதான். ஆயினும் அந்த அறிக்கைகள் வெளிவருவதால்தான் அந்தப் பாரபட்சத்தையும் அந்நாட்டுக் குடிமக்களால் சுட்டிக்காட்ட முடிகிறது.

நம் நாட்டில் அப்படி எதுவும் இல்லை. பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆண்டறிக்கையில் நட்பு நாடுகளுடனான ஒத்துழைப்பு பற்றிச் சில பக்கங்கள் வரும். அவற்றைப் படித்தால் ஒத்துழைப்பு நடக்கிறது என்பது தெரியும், அதற்கு மேல் தெரியாது. 1964-இல் தொடங்கிய ஐடெக் எனப்படும் தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்புத் திட்டத்தின் கீழும், பிற ஏற்பாடுகளின் கீழும், டேராடூன், கேரளத்தின் எழிமலைக் கடற்படை அகாதெமி, மிசோரத்தின் வைரெங்டே, சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாதெமி என்று நாடெங்கும் அயல்நாட்டுப் படையினர் பயில்கிறார்கள். செலவின் பெரும்பகுதி நம் வரிப்பணம்.

இலங்கை விவகாரம் இந்த வெளிச்சமின்மையால்தான் ஒவ்வொரு முறையும் கொந்தளிப்பாக வெடித்து, எந்தத் தீர்வும் இல்லாமல் அடங்குகிறது. 2012 ஜூலையில் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இலங்கை விமானப்படையினர் ஒன்பது பேர் பயிற்சி பெறுவது தெரியவந்து கட்சி வேறுபாடின்றி எதிர்ப்பு எழுந்தபோது, மத்திய அரசு அவர்களைப் பெங்களூரு அருகே எலகங்காவுக்கு மாற்றியது. அடுத்த ஆண்டு வெலிங்டனில் பயின்ற இலங்கை அதிகாரிகளைத் திருப்பியனுப்பும்படி அன்றைய முதல்வர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். தாம்பரத்தில் தவறாக இருந்த பயிற்சி எலகங்காவில் எப்படிச் சரியாகும் என்று மத்திய அரசு விளக்கவில்லை. அதேபோல, தமிழ் மண்ணிலிருந்து அவர்கள் அகன்றால் போதும் என்று நினைத்த நம்மவர்களும், வன்னியில் இறுதிக்கட்டப் போரில் கட்டளைப் பொறுப்பில் இருந்தவர் யார், இல்லாதவர் யார் என்ற கேள்வியை வற்புறுத்திக் கேட்கவில்லை. இந்தக் கேள்விதான் அடிப்படையானது. 2009-இல் பள்ளிச் சிறுவனாக இருந்து இன்று லெப்டினன்டாக வரும் ஒருவரையும், அன்று எறிகணைத் தாக்குதலுக்கு உத்தரவிட்ட பிரிவில் பொறுப்பு வகித்த ஒருவரையும் ஒரே தட்டில் வைப்பது நீதியல்ல. முன்னவருக்குக் கற்பிக்கலாம், கற்பிக்கவும் வேண்டும். பின்னவரை விசாரணை முடியும்வரை நம் வகுப்பறைக்குள் அனுமதிக்கக் கூடாது. இருவரையும் பிரித்தறிய ஆள்வாரியான சோதனை தேவை. அப்படியொரு சோதனை நடக்கிறதா, நடந்தால் எந்த அளவுகோலில் என்பதை அரசு சொல்ல வேண்டும்.

இங்கே கோத்தபய ராஜபக்சவைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. ராணுவ அதிகாரியாக இருந்தபோது வெலிங்டனில் பயின்ற அவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்புத் துறை முதுகலைப் பட்டம் பெற்றவர். 2005 முதல் இலங்கையின் பாதுகாப்புச் செயலாளராக இருந்து அந்தப் போரை நடத்தியவர் அவரே. போரின் கடைசி மாதங்களில் 40,000 வரையிலான பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கக்கூடும் என்றும், போர்க்குற்றங்கள் நடந்ததற்கு நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உண்டு என்றும் ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் கூறியது. மருத்துவமனைகள்மீது குண்டு விழுந்தது, பாதுகாப்பு வலயம் என்று அரசே அறிவித்த இடங்களில் மக்கள் மடிந்தது ஆகியவற்றை அந்த அறிக்கை விவரிக்கிறது. அதைப் படித்த தமிழர் எவருக்கும், போர்ச்சட்டம் பற்றி நம் மலையில் அவருக்கு என்ன கற்பிக்கப்பட்டது என்று கேட்கத் தோன்றும். எனக்கு அந்தக் கேள்வி இன்றும் வலிக்கிறது.

வெலிங்டனில் படிப்பை முடிப்பவர்களுக்குப் பாதுகாப்பு, போர்த்திற ஆய்வியலில் எம்.எஸ்சி. பட்டம் வழங்குவது சென்னைப் பல்கலைக்கழகம். 1857-இல் நிறுவப்பட்ட, தமிழக மக்களின் பணத்தால் நடக்கும் பல்கலைக்கழகம் அது. ராணுவ உத்திகள் பற்றிய பாடங்களில் அது தலையிட முடியாது, தலையிடவும் வேண்டாம். ஆனால் தன் பெயரில் வழங்கும் பட்டத்துக்கு, போரில் பொதுமக்களையும் காயமுற்றோரையும் சரணடைந்தோரையும் காக்கும் சட்டத்தைத் தனித்தாளாக வைத்து, அதில் தேர்ச்சி பெறாதவருக்குப் பட்டமில்லை என்று விதிக்க அதற்கு முழு உரிமை உண்டு. இந்தச் சட்டத்துக்கு இப்போதைய பாடத்திட்டத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்கப்படுகிறது என்பதையும் வெளியிட வேண்டும். இது நான் புதிதாகக் கண்டுபிடித்துக் கேட்பதல்ல. தம் விதிகளைப் படைப்பயிற்சியில் சேர்க்க வேண்டும் என்று 1949 ஜெனீவா ஒப்பந்தங்களே நாடுகளைக் கட்டாயப்படுத்துகின்றன. அவற்றை ஏற்று இந்தியா 1960-இல் தனிச் சட்டமும் இயற்றியிருக்கிறது. பாடம் என்றால் சட்டப்பிரிவுகளை மனப்பாடம் செய்வதோடு நிற்கக் கூடாது. எதிரி ஒரு மருத்துவமனையின் நிழலில் பீரங்கியை நிறுத்தியிருக்கிறான், உள்ளே முந்நூறு நோயாளிகள் இருக்கிறார்கள், உங்களுக்கு அரை மணி நேரம் இருக்கிறது, என்ன செய்வீர்கள் என்று சிண்டிகேட் மேசையில் வைத்து வாதிடச் செய்ய வேண்டும். முடிவெடுக்கும் பழக்கம் அங்கேதான் உருவாகிறது.

பிறருக்கு இதைக் கற்பிக்கும் தகுதி நமக்கு வர வேண்டுமானால் நம் வீட்டையும் நாம் பார்த்தாக வேண்டும். மணிப்பூரில் படையினரும் போலீசாரும் சட்டவிரோதமாகக் கொன்றதாகக் கூறப்பட்ட 1,528 மரணங்கள் தொடர்பான வழக்கில், ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் நடைமுறையில் உள்ள பகுதியிலும் படையினர் செய்யும் குற்றத்துக்கு முழு விலக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2016 ஜூலையில் தெளிவுபடுத்தியது. வைரெங்டேயில் எதிர்க்கிளர்ச்சிப் பயிற்சிக்கு வரும் அயல்நாட்டு அதிகாரிகளுக்கு அந்தத் தீர்ப்பையே பாடமாக வைக்கலாம். நம் குறையை நாமே எடுத்துச் சொல்வதால் நம் மதிப்பு குறையாது என்பது என் உறுதியான கருத்து.

நாம் மறுத்தால் அவர்கள் சீனாவுக்கோ பாகிஸ்தானுக்கோ போய்விடுவார்கள் என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறோம். இதில் உண்மை இருக்கிறது. சீனாவும் பாகிஸ்தானும் நம் அண்டை நாடுகளின் அதிகாரிகளை வரவேற்கக் காத்திருக்கின்றன. ஆனால் நான் கேட்பது எல்லோருக்கும் கதவை அடைக்கச் சொல்வதல்ல. குற்றச்சாட்டுக்கு உள்ளான சிலரை விலக்குவதால் ஒரு நாட்டின் படையே நம்மைவிட்டுப் போய்விடாது. மேலும், இடம் தருவது மட்டுமே செல்வாக்கு என்றால், டேராடூனில் 1980களில் பயின்ற ஷேர் முகமது அப்பாஸ் ஸ்தானிக்சாய் பின்னாளில் தாலிபான் தலைவர்களில் ஒருவரானதை எப்படி விளக்குவது?

ஆப்கானிஸ்தான் இன்னொரு கடமையையும் நினைவூட்டுகிறது. 2017 டிசம்பரில் ஆப்கன் படையின் பெண் அதிகாரிகள் இருபது பேர் பரங்கிமலையில் பயிற்சி பெற்றபோது நாம் பெருமைப்பட்டோம். 2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்தபோது அந்நாட்டு இளைஞர்கள் பலர் நம் ராணுவ அகாதெமிகளில் பயின்றுகொண்டிருந்தார்கள். பயிற்சி முடிந்தது, ஆனால் அவர்கள் போய்ச் சேர வேண்டிய ராணுவமே இல்லை. ஊருக்குத் திரும்பினால் உயிருக்கு ஆபத்து. 2022 பிப்ரவரியில் அவர்களில் 80 பேருக்கு ஓராண்டு ஆங்கிலத் தொடர்புப் பயிற்சி அளிக்க அரசு முன்வந்தது நல்ல செயல்தான். ஆனாலும் அது அந்த நேரத்தில் செய்த அவசர ஏற்பாடு. நம் அழைப்பை ஏற்று, நம் சீருடைப் பயிற்சியைப் பெற்றதாலேயே ஒருவர் தம் நாட்டில் வேட்டையாடப்படுவார் என்றால், அவருக்குத் தங்குமிடமும் வேலை செய்யும் உரிமையும் தரும் நிலையான விதி முன்கூட்டியே இருக்க வேண்டும். இந்தியாவிடம் தனி அகதிச் சட்டம் இல்லாத நிலையில் இந்தத் தேவை இன்னும் கூடுதலாகிறது.

நீலகிரி நாடாளுமன்ற உறுப்பினரும், கட்சி வேறுபாடின்றித் தமிழக உறுப்பினர்கள் அனைவரும், பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவும் இந்தக் கோரிக்கையை வரும் கூட்டத்தொடரிலேயே எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆண்டறிக்கையில் பயிற்சியாளர்களின் பெயர் வேண்டாம். அது அவர்களுடைய பாதுகாப்புக்கு ஊறு விளைவிக்கலாம். நாடு, பதவித் தரம், பயிற்சியின் பெயர், காலம், செலவு, சோதனையில் மறுக்கப்பட்டோரின் எண்ணிக்கை, போர்ச்சட்டப் பாடத்துக்கு ஒதுக்கிய நேரம் ஆகியவை இருந்தால் போதும். இவற்றில் எதுவும் ராணுவ ரகசியம் ஆகாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கல்விக்குழு, நாடாளுமன்றத்துக்காகக் காத்திராமல், தன் பட்டத்துக்கான பாடத்திட்டத்தை அடுத்த ஜூன் வகுப்பு தொடங்குவதற்குள் மறுபரிசீலனை செய்யலாம். அதற்கு டெல்லியின் அனுமதிகூட முதற்கட்டத்தில் தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.